ராயப்பன் ஜீப்பின் அடிவயிறு

தவளைமெட்டுக் கணவாய்க்குக் கீழே உள்ள ஊர்களில் பழைய ஜீப்பு வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் தரையில் துண்டை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில்தான் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கம் வீருச்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் தொடங்கியது. ஒரு புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி சுமாருக்கு, ராயப்பனின் ஜீப்பைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி அதன் அடிவயிற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். பதினெட்டு வருஷத்து மலைமண்ணும் கிரீஸும் அடையடையாகப் பெயர்ந்து விழுந்த பிறகு பார்த்தால், எந்தக் கம்பெனியும் செய்யாத பதினான்கு சாமான்கள் அங்கே இருந்தன.

வருஷா வருஷம் எப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குப் போகும்போது மண்ணின் மேலேயே கருப்பு பெயிண்ட் அடித்துக் கொண்டுபோவதுதான் அங்கே வழக்கம். புதிதாக வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் இரும்பைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்று கேள்விப்பட்டதால்தான் அந்த வருஷம் கழுவ வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் இன்னும் பதினெட்டு வருஷம் அது தெரியாமலே போயிருக்கும் என்று வீருச்சாமி பின்னால் சொன்னான். அதைச் சொன்ன தொனியில் வருத்தமும் இருந்தது.

வீருச்சாமிக்கு அந்த வண்டி புதிதல்ல. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்தக் காலத்து ஜீப்பு. பட்டாளத்து ஏலத்தில் வந்தது, ராயப்பனே ஓட்டுவது. தினமும் காலை ஆறு மணிக்குப் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். முன்னால் மூன்று பேர், நடுவில் ஐந்து பேர், பின்னால் எதிரெதிர்ப் பலகையில் ஆறு பேர். யாருக்கு எந்த இடமோ அதுதான் இடம். ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டால் அவள் இடத்தில் இன்னொருத்தி உட்காரமாட்டாள், தூக்குவாளியைத்தான் வைப்பாள். பின்னால் இடதுபக்கத்துப் பலகையில் கடைசி இடம் வீருச்சாமியின் மனைவி ஒச்சம்மாவுடையது.

பதினான்கு சாமான்களும் தரைத்தகட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு சாண் நீளம், புளியம்பழத்தின் வளைவு, கைபட்டுத் தேய்ந்த கலப்பை மேழியின் வழுவழுப்பு. நம்பர் இல்லை, வார்ப்புத் தையல் இல்லை. ராடு, வயர், டியூப் எதுவும் அவற்றிலிருந்து கிளம்பி எந்தச் சக்கரத்துக்கும் போகவில்லை. வீருச்சாமி ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தான். இரும்புக்கு இருக்க வேண்டிய சத்தம் வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதித்து வந்தது.

லேத் பட்டறை அப்பாஸைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்பாஸ் பள்ளத்துக்குள் இறங்கி, லைட்டைப் பிடித்து, வெகுநேரம் பார்த்தான்.

"பட்டாளத்துக்காரன் மாட்டுன சாமானா இருக்கும்."

"பதினாலா?"

"பட்டாளத்துல எதையும் ஒண்ணா மாட்டமாட்டாய்ங்கப்பா."

மதுரையில் சாமான் விற்கும் கடைக்குப் போட்டோ அனுப்பினார்கள். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவர் போன் போட்டு, இது என்ன காய் என்று கேட்டார்.

ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாத சாமானைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. கழற்றுவது, கழற்றியும் தெரியாவிட்டால் அறுப்பது. பள்ளத்துக்குள் நின்றபடி வீருச்சாமி தன் கைக்கு எட்டியதை, அது பின்பக்கம் இடதுகோடியில் இருந்தது, ஸ்பேனர் போட இடம் இல்லாமல் வெறுங்கையால் பிடித்துத் திருகினான். மூன்று சுற்றில், பழுத்த கொய்யா காம்பிலிருந்து வருவதுபோல, தானாக வந்துவிட்டது. வைஸில் பிடித்து ஆக்சா பிளேடால் நடுவில் அறுத்தான். உள்ளே ஓட்டை இல்லை, ஸ்பிரிங் இல்லை. மரத்தை அறுத்தால் தெரிவதுபோல வளையங்கள். எண்ணினான். பதினொன்று. இரண்டு துண்டையும் பலகைமேல் வைத்துவிட்டு மண்ணெண்ணெயில் கை கழுவி வீட்டுக்குப் போனான்.

அன்றைக்கு அந்தப் பெண்கள் ராயப்பனின் சித்தப்பா மகன் ஜீப்பில் போயிருந்தார்கள், அதே வரிசையில் உட்கார்ந்து. சாயங்காலம் ஆறேகாலுக்கு ஒச்சம்மா தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு தெருவில் வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வீருச்சாமியைப் பார்த்தாள், சிரித்தாள், தன் வீட்டைக் கடந்து போனாள்.

"ஏய், எங்க போற?"

"வீட்டுக்குத்தான் மாமா" என்றாள், திரும்பாமல், போய்க்கொண்டே.

தெருவின் கடைசியில் வாய்க்கால் தொடங்குகிறது. வீருச்சாமி ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது அவள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கியிருந்தாள். பிடித்ததும் நின்றாள். கூட்டிவந்தால் வந்தாள். வீட்டுக்குள் விட்டதும் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள், குடம் நிறைந்து வழிந்து அடுப்படி முழுக்க ஓடி வாசலுக்கு வந்தது, அவள் குழாயின் திருகில் கைவைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்தணும்னுதான் நெனச்சேன் மாமா" என்றாள். "கைக்கு அது தெரியல."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வீருச்சாமி பள்ளத்துக்குள் இறங்கினான். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, ஆனாலும் வண்டி சனிக்கிழமை எப்.சி.க்குப் போக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வேறு யாரும் இல்லை. ஜீப்பு எஞ்சின் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அசையாமல் நின்றது. ஆறு முப்பத்தைந்துக்கு, அவன் தலைக்கு மேலே, பதின்மூன்று சாமான்களும் ஒரே சமயத்தில் ஒரு விரற்கடை கீழே இறங்கின, கொஞ்ச நேரம் அப்படியே நின்றன, பிறகு மெதுவாக மேலே போயின.

இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும்.

வீருச்சாமி கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினான். மூன்று, நான்கு, ஐந்து. பதினொன்றுக்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மெட்டுச் சாலையில் பதினொன்றாவது வளைவுக்கும் பன்னிரண்டாவது வளைவுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் நேர்ச்சாலை இருப்பது அவனுக்குத் தெரியும். பிறகு பன்னிரண்டாவதாக இறங்கியபோது அவை முன்னைவிட ஆழமாக, ஒரு சாமான் முனகுகிற அளவுக்கு இறங்கின. அந்த வளைவில்தான் கைப்பிடிச் சுவர் இடிந்து ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. பத்தொன்பது முறை இறங்கி ஏறியபின் எல்லாம் ஓய்ந்தது. மலைக்கு மேலே பெண்கள் போன ஜீப்பு மெட்டைத் தாண்டியிருக்க வேண்டும். வீருச்சாமி மேலே ஏறிவந்து, பலகைமேல் கிடந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தான். அவை அசைந்ததற்கு மட்டும் தடமே இல்லை. ஒச்சம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகத் தொடங்கிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

அதன்பிறகு அவன் செய்தது ஒரு மெக்கானிக் செய்யக்கூடியது. ஜீப்பின் பிரேக்கைத் திறந்து பார்த்தான். மாஸ்டர் சிலிண்டர் முற்றிய சுரைக்குடுக்கைபோலக் காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு குளவி மண்கூடு கட்டி, குஞ்சு பொரித்து, காலிசெய்துவிட்டும் போயிருந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் டியூப் எப்போதோ அறுந்து, அறுந்த முனையும் துருவேறியிருந்தது. குறை சொல்லாத பாகத்தை எந்த மெக்கானிக்கும் திறப்பதில்லை, ராயப்பன் இதுவரை பிரேக்கைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

சித்தப்பா மகனின் ஜீப்பில் பெண்களை இறக்கிவிட்டு வந்த ராயப்பனிடம் கேட்டான்.

"நம்ம வண்டில பிரேக்குக்கு என்னண்ணே குறை? காலை வச்சா நிக்கும்" என்றான் ராயப்பன். "ஆள் ஏத்தாம வந்தாத்தான் கொஞ்சம் வழுக்கும். லேசான வண்டில்ல?"

வீருச்சாமி குளவிக்கூட்டை அவன் உள்ளங்கையில் வைத்தான். ராயப்பன் அதைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான், அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, பதினெட்டு வருஷத்தைத் தினமும் இரண்டு தடவையால் பெருக்கிப் பார்ப்பவன்போல வாயை மட்டும் அசைத்தான்.

அன்று சாயங்காலம் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். ஒச்சம்மாவை நடுவில் விட்டு இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்திருந்தார்கள். கங்காணி அமராவதிதான் முதலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். ஒரு மெக்கானிக்கும் ஒரு லேத் பட்டறையும் மதுரைக் கடையும் பார்த்துப் பெயர் சொல்ல முடியாததை அவள் ஏறிட்டுப் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்.

"இது வளைவுல அமுத்துற பிரேக்குல்ல?"

"எந்தப் பிரேக்கு?" என்றான் வீருச்சாமி.

"எந்தப் பிரேக்கா? வண்டி வளைவுல திரும்பையில கீழ பள்ளம் தெரியுமில்ல, அப்ப காலை வச்சுத் தகட்ட அமுத்துவோமில்ல? நீ அமுத்தமாட்டியா?"

வீருச்சாமி அந்த மலைக்கு நூறு முறை போயிருக்கிறான், எல்லாம் நடுவழியில் நின்றுபோன வண்டியை எடுத்துவர. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் காலுக்கு அமுக்க ஒரு பெடல் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து அவன் போனதில்லை.

அமராவதிக்கு அடுத்து நாகு இறங்கினாள். ஒச்சம்மாவுக்கு எதிர்ப்பலகைக்காரி, வீருச்சாமிக்குப் பங்காளி வீட்டுத் தங்கச்சி முறை.

"அண்ணே, இந்தா இது என்னோடது. முனை தேஞ்சிருக்கு பாரு. எனக்குப் பெருவிரல்தான் அமுத்தும். டாக்டரே கேட்டாரு, ஏம்மா ஒத்த விரல் மட்டும் தட்டையா இருக்குன்னு."

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஒருத்திகூடத் தடுமாறவில்லை. தன் இடத்துக்கு நேர்கீழே போய் நின்று, கையைத் தூக்கி, மாட்டின் தாடையைத் தடவுகிற மாதிரி தடவிவிட்டு வந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்த பெண்ணுடையது ஏலக்காய் அளவுக்குத்தான் இருந்தது, அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. கடைசியில் ஒச்சம்மாவைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். பின்பக்கத்து இடதுகோடியில் இருந்த வெறும் தழும்பை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னோடத நீங்கதான் எடுத்தீங்களா மாமா?"

வீருச்சாமி பலகைமேல் கிடந்த இரண்டு துண்டையும் பார்த்தான்.

"நல்லதுதான்" என்றாள். "கால் லேசா இருக்கு. இன்னைக்கிப் பன்னெண்டாவது வளைவுல கம்பியப் புடிக்காம நின்னுக்கிட்டே வந்தேன். கீழ எம்புட்டு அழகா இருக்குன்னு இம்புட்டு நாளும் பாக்கவே இல்ல."

நாகு அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வீருச்சாமி அன்றே இரண்டு துண்டையும் சேர்த்து வெல்டு வைத்தான். மூன்று ராடு எரிந்தும் இரும்பு இரும்போடு ஒட்டவில்லை, பாலாடை மாதிரி மேலே மட்டும் பூத்தது. அதைக் கொண்டுபோய்த் தழும்பில் வைத்துத் திருகினால் சுற்றிக்கொண்டே இருந்தது, எத்தனை சுற்றினாலும் இறுக்கம் வராமல். கம்பி போட்டுக் கட்டினான். மறுநாள் காலை மற்ற சாமான்கள் சரியாக மூன்றாவது தடவை இறங்கியபோது அது அவன் காலடியில் விழுந்தது. அதே நிமிஷம் மலையில் ஒச்சம்மா ஓடுகிற ஜீப்பின் பின்கதவுக்கு வெளியே உடம்பைச் சாய்த்துக் கையை விரித்துச் சிரித்தாளாம். நாகு வந்து சொன்னாள்.

உண்மையான பிரேக்கையும் அவன் புதிதாகப் போட்டான். சிலிண்டர், டியூப், ஆயில், எல்லாம். பழைய பதின்மூன்றைக் கழற்றிவிடலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கும் நாகு பதில் சொன்னாள். "புதுசு போட்டா போடுண்ணே. எங்க கால் அமுத்தாம இருக்கவா போகுது?"

சனிக்கிழமை எப்.சி. நடந்தது. புது இன்ஸ்பெக்டர் பேச்சுக் குறைவான மனிதர். வண்டியை ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தார், நின்றது. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பதின்மூன்றையும் எண்ணினார். வீருச்சாமி உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"பிரேக் குறைஞ்சா எழுதறதுக்கு ஃபாரத்துல கட்டம் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "கூடுனா எழுதறதுக்கு இல்ல."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகும்போது தன் மோட்டார்சைக்கிளின் பக்கத்தில் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மனைவி உட்காரும் பின்சீட்டுக்கு நேர்கீழே குனிந்து பார்த்தார். என்ன பார்த்தார் என்று தெரியாது. வீட்டுக்கு ரொம்ப மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்துக்குள் அந்தப் பகுதியில் மலையேறுகிற எல்லா ஜீப்பையும் கழுவிவிட்டார்கள். எல்லாவற்றிலும் இருந்தது. மரம் வெட்டப் போகிற ஆண்களை ஏற்றும் ஜீப்புகளில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்த வண்டிக்காரர்கள் ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்துவிட்டு, மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் வரிசையாக வந்து நின்று பிரேக் ஆயில் மாற்றினார்கள். மாதாகோயில் திருநாளன்று ராயப்பன் தன் ஜீப்பின் முகப்புக்கு மாலை போடப் போனபோது, மாலையைக் கீழே கட்டு என்று அமராவதி சொல்ல, அவன் மல்லாந்து படுத்துக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் வந்து தங்கள் தங்கள் சாமானுக்கு நல்லெண்ணெய் தடவிவிட்டுப் போனார்கள். இன்னொரு ஜீப்பில், கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்ட ஒருத்தியுடையது பழுப்பேறி, தானாக உதிர்ந்தது. அதை அவள் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். தேங்காய் விலை, தண்ணீர் வரும் நேரம், இவற்றோடு சேர்த்துப் பேசுகிற விஷயமாக அது ஆகிவிட்டது.

ஒச்சம்மாவுக்கும் தெரு ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. சாயங்காலம் ஆறேகாலுக்கு டீக்கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார். அவரைத் தாண்டினால் ரேஷன்கடைக்காரப் பெண். அவளையும் தாண்டினால் வாய்க்கால் மேட்டில் தையல்காரர். யாராவது ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள். வாசல் கூட்டத் தொடங்கினால் அவள் தெருவைக் கூட்டி, கோயில் முன்னால் கூட்டி, பஸ் நிற்கிற இடம்வரை கூட்டிக்கொண்டே போனாள். பஞ்சாயத்தில் ஓர் உறுப்பினர் அது நல்ல காரியம் என்றார். அவருடைய முகத்துக்கு நேரே, அவர் கேட்காமலே, அவரைப் பற்றி ஊர் இருபது வருஷமாக நினைப்பதை ஒச்சம்மா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் அதன்பிறகு கருத்துச் சொல்வதில்லை.

வீருச்சாமி ஒரு நாள் அவளை வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் பூட்டிப் பார்த்தான். மத்தியானம் சாப்பிட வந்து பூட்டைத் திறப்பதற்கு முன்னால் சத்தம் கேட்டது. உள்ளே அவள் நடந்துகொண்டிருந்தாள். சுவர்வரை நடந்து, நெற்றி சுவரில் மோதி, திரும்பாமல், மறுபடியும் ஓர் அடி எடுத்து வைத்து, மறுபடியும் மோதி. நெற்றியில் ரத்தம் மூக்குவரை வந்திருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். ரத்தத்தைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் அவன் பயந்தான். அதில் பயம் என்பதே இல்லை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை நாகு அழுதுகொண்டே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள்.

"பன்னெண்டாவது வளைவுல எதுக்க லாரி வந்துச்சுண்ணே, ராயப்பண்ணன் வண்டிய நிறுத்துனாரு. மதினி எறங்கி, சுவர் இடிஞ்சு கெடக்கே, அங்க நடந்து போயிருச்சு. கொண்டையப் புடிச்சுத்தான் இழுத்தேன். ஒரு காலு அந்தரத்துல இருந்துச்சுண்ணே."

"மேகம் தரை மாதிரி கெடந்துச்சு மாமா" என்றாள் ஒச்சம்மா, பக்கத்தில் நின்று, தலையை முடிந்துகொண்டே. "நடக்கலாம் போல இருந்துச்சு."

கூடவே வந்திருந்த அமராவதி கடைசியாகத்தான் பேசினாள். "இங்க பாரு வீருச்சாமி. வீட்லயும் வைக்க முடியாது, நாங்க பதிமூணு பேரும் வளைவுல அவளப் புடிக்கிறதா, கால அமுத்துறதா? ரெண்டும் முடியாது. நாளையிலருந்து நீ வா. வந்து புடிச்சுக்கோ."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வீருச்சாமி ஒர்க்‌ஷாப்பைச் சாத்திவிட்டு ஜீப்பில் ஏறினான். ஒச்சம்மாவை உட்புறமாக நகர்த்தி உட்காரவைத்து, அவள் இடத்தில், கோடியில், அவன் உட்கார்ந்தான். இன்னொருத்தி இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தது அந்த ஜீப்பில் அதுதான் முதல் தடவை.

"அண்ணே, முழங்கால ஒடுக்கு. இது என்ன ஒன் ஒர்க்‌ஷாப்பா?" என்றாள் நாகு.

முதல் வளைவில் ஜீப்பு திரும்பியபோது வீருச்சாமிக்கு வெளியே தெரிந்த பள்ளம் கண்ணில் படவில்லை. அவனுக்குத் தெரிந்தது வேறு. போன தீபாவளிக்கு அவனே வெல்டு வைத்த ஸ்பிரிங் பட்டையின் கொக்கி இப்போது எந்தப் பக்கம் இழுக்கிறது, இடது முன்சக்கரத்தின் பேரிங் எத்தனை நாளாக முனகுகிறது, ஸ்டியரிங் ராடின் நுனியில் இருக்கும் பின்னை அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று எத்தனை தடவை விட்டான், எல்லாம் தகட்டுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு அவன் பாதத்துக்கு வந்தது. அந்தப் பெண்கள் பயந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்துக்கு. அவனுக்கு வண்டியின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனித்தனியாகப் பயப்படத் தெரிந்திருந்தது. அவன் வலதுகால் தானாகத் தகட்டில் ஊன்றியது. பக்கத்தில் பன்னிரண்டு பேர் கால்கள், எதிரில் நாகுவின் பெருவிரல், ஒரே சமயத்தில் ஊன்றின. ஒச்சம்மாவின் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது வளைவில் மேகம் ஜீப்புக்குள் வந்தது. ஒச்சம்மா அவன் மடிமேல் சாய்ந்து வெளியே எட்டிப் பார்த்தாள். வீருச்சாமி இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தகட்டில் ஓட்டை விழட்டும் என்பதுபோல அமுக்கினான். வண்டியை நிறுத்த அவன் அமுக்கவில்லை. வண்டிக்கு அவன் கையால் போட்ட புது பிரேக் இருந்தது.

அப்படி எட்டு நாள் போய்வந்தான். ஆளில்லாத ஒர்க்‌ஷாப்பு முன்னால் வண்டிகள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. மலைமேல் பெண்கள் காய் எடுக்கும்போது அவன் ஒச்சம்மாவின் பின்னால் நடந்து, வரிசை முடிகிற இடத்தில் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். சாயங்காலம் கால் வீங்கிப்போய் இறங்கினான். குதிகாலில் ஒரு வெடிப்பு விழுந்து, செருப்புப் போட முடியாமல் ஆனது.

எட்டாம் நாள் சாயங்காலம் ஜீப்பை ராயப்பன் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் போனான். பெண்கள் கடைவீதியில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள், ஒச்சம்மாவின் கை நாகுவின் கையில் இருந்தது. வீருச்சாமி அந்த இடைவெளியில் பள்ளத்துக்குள் இறங்கி லைட்டைப் பிடித்தான். பின்பக்கத்து இடதுகோடியில், தழும்பு இருந்த இடத்தில், ஏலக்காய் அளவுக்கு ஒன்று முளைத்திருந்தது. தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. ஒச்சம்மாவுடையது திரும்பி வந்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்தான். பிறகு நின்ற இடத்திலேயே வலதுகாலைத் தரையில் ஊன்றிப் பார்த்தான். தலைக்கு மேலே அது இறங்கியது. காலைத் தளர்த்தினான். ஏறியது.

அவன் அதைத் திருகிப் பார்க்கவில்லை. துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டான்.

குறுக்குச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தான். டீக்கடைக்காரர் ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தார். "இன்னைக்கிப் புடிக்க வேணாம்ணே" என்றான் வீருச்சாமி. ரேஷன்கடைப் பெண்ணிடமும் சொன்னான். தையல்காரருக்குக் கை காட்டினான். அவர்கள் நம்பாமல், உள்ளே போகாமல், அவரவர் இடத்திலேயே நின்றார்கள்.

நாகு தெருமுனையில் கையை விட்டுவிட்டாள். ஒச்சம்மா வந்தாள். தூக்குவாளி ஆடியது. வாசல்படியில் நிற்கிற கணவனைப் பார்த்துச் சிரித்தாள், கடந்தாள். ஓர் அடி, இரண்டு அடி, மூன்று. அதற்கு அந்தப் பக்கம் டீக்கடை, ரேஷன்கடை, வாய்க்கால், வாய்க்காலில் அன்றைக்கு முழு அளவுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். வீருச்சாமி வெறும் பாதத்தை வாசல்படியின் கல்லில் வைத்து, வெடிப்பில் ரத்தம் கசிய, மெதுவாக அமுக்கினான்.

நாலாவது அடிக்குத் தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. பிறகு அது கீழே இறங்கித் தரையைத் தொட்டது. ஒச்சம்மா திரும்பினாள். இத்தனை நாளில் முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாரோ புடிச்ச மாதிரி இருந்துச்சு."

"நாந்தான்."

அவள் திரும்பி வந்து அவன் காலைக் குனிந்து பார்த்தாள். கல்லில் ஊன்றியிருந்த விரல்களையும் நகத்தைச் சுற்றி வெளுத்திருந்த தோலையும் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய்யி" என்றாள். "சரி, நான் உள்ள போற வரைக்கும் எடுத்துராதீங்க."

அவனைக் கடந்து உள்ளே போனாள். தெருவில் மூன்று வாசல்களில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீருச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே குடத்தைக் குழாயடியில் வைக்கிற சத்தம் கேட்டது. குழாயைத் திறக்கிற சத்தம். அடிக்குடத்தில் விழுந்த தண்ணீரின் கனத்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, மெலிந்து, கழுத்துக்கு வந்தது. வீருச்சாமி படியில் இருந்த காலை இன்னும் ஒரு விரற்கடை அமுக்கினான்.

தண்ணீர் நின்றது.